அம்மாவும் உட்காரட்டும்: ஏற்காட்டில் நடந்த ஒரு தாய்–மகள் தேநீர் விருந்து, நிகழ்வு ஆய்வு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருக்கும் மகளிர் குழுவினர் என்னிடம் வந்து, "பிள்ளைங்களுக்கு மேசை நாகரிகம் சொல்லித் தரணுங்க" என்று கேட்டார்கள். வகுப்பு என்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள், விருந்து என்றால் வருவார்கள் என்பதால் அதையே தாய்–மகள் தேநீர் விருந்தாக மாற்றினோம். இடம், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து விருந்தினர் இல்லம். நாள், ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றின் மாலை. 9 ஜோடிகள் வந்திருந்தார்கள். மகள்களுக்கு வயது 10 முதல் 16 வரை. ஒரு பெண்ணின் அம்மா வெளிநாட்டில் வேலையில் இருப்பதால் அவள் தன் அம்மாயியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, வந்திருந்தாள். யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. ஊரையும் உறவையும் வைத்தே குறிப்பிடுகிறேன்.

இதே போல் ஒரு விருந்தைத் தங்கள் தெருவிலோ பள்ளியிலோ நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்பதைப் படம் போட்டுக் காட்டும் பக்கங்கள் ஏராளம். அந்த மேசையில் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

எதனால் இந்தக் கேள்வி எழுந்தது

குழுவில் ஒருவரின் அக்கா மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த முதல் வாரத்திலேயே நிறுவனத்தில் எல்லாரையும் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். தட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கிடந்த முள்கரண்டி, கத்தி, கரண்டிகளைப் பார்த்ததும் பசியில்லை என்று சொல்லிவிட்டு சூப்பை மட்டும் குடித்து எழுந்துவிட்டாள். அறைக்கு வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினாளாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மற்ற அம்மாக்களுக்கும் கவலை தொற்றிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாதது சின்ன விஷயம். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். தப்பாகச் செய்தால் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம்தான் அவளை எழுப்பிவிட்டது. சாப்பாட்டு மேசையில் திருத்தப்பட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். "சத்தம் போடாம தின்னு", "சிந்தாதே", "கையை எடு" என்று எந்நேரமும் கேட்ட காதுக்கு, புதிய மேசையிலும் அதே குரல் கேட்கும். ஆகவே மகள்கள் மாணவிகள், அம்மாக்கள் மேற்பார்வையாளர்கள் என்ற ஏற்பாடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே கற்றுக்கொள்ள வருகிறவர்கள். இந்த ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டவர்களை மட்டும்தான் சேர்த்தோம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசினோம். நம் பிள்ளைகள் மேசை நாகரிகம் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் இலையின் நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும் என்று தெரியும். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பது, வரிசை முழுவதும் பரிமாறி முடிக்கும் வரை காத்திருப்பது, பக்கத்து இலை முடியும் முன் எழாமல் இருப்பது, எழும்போது இலையைத் தன் பக்கமாக மடிப்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களுக்கு முன்னால் உண்ணத் தொடங்காதே, அவர்களுக்கு முன்னால் எழாதே என்கிறது. இங்கிலாந்துத் தேநீர் மேசையில் சொல்லப்படுவதும் ஏறக்குறைய அதுவேதான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். அன்று பலித்தவை எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

காபி மலையில் டீ

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை காபிக்குப் பெயர் பெற்றது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து தோட்டங்கள் பரவின. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காபி என்பதுதான் இன்றும் இங்கே கண்ணில் படும் காட்சி. டீத்தூள் நீலகிரியிலிருந்துதான் வர வேண்டும். "ஏற்காட்டுக்குப் போய் டீ குடிக்கிறதா?" என்று ஓர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதனால் மேசையில் இரண்டையும் வைத்தோம். ஒரு பக்கம் பீங்கான் கெட்டிலும் கப்பும், மறுபக்கம் டபரா செட்.

மாலைத் தேநீர் என்ற வழக்கத்துக்கு ஒரு பெண்ணின் பசிதான் காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1840 வாக்கில் பெட்ஃபர்ட் கோமகள் அன்னா, மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு இரவு 8 மணிக்கு மேல் வரும் விருந்து வரை தாங்க முடியாமல், 4 மணி வாக்கில் டீயும் ரொட்டியும் தன் அறைக்கே வரவழைத்தார். பிறகு தோழிகளையும் கூட்டிக்கொண்டார். அது நாடு முழுக்கப் பரவியது. பசித்த ஒருத்தி கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் தொடங்கிய வழக்கம் என்றதும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டீ போடுவதில் மலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 3 நிமிடத்தில் இறங்கும் சாறு மேலே அதே நேரத்தில் இறங்காது. ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி இலைத்தூள், கெட்டிலை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டுப் பிறகு தூள், மூடி வைத்து 5 நிமிடம். மேலே கனத்த துணியைப் போர்த்தினால் குளிரில் ஆறாது. வீட்டில் பாலோடு கொதிக்கவைக்கும் டஸ்ட் டீத்தூள் இதற்கு ஆகாது. கெட்டிலில் கசந்துவிடும்.

பாலை டீயை ஊற்றிய பிறகே சேர்க்கச் சொன்னோம். நிறத்தைப் பார்த்து அவரவர் விருப்பத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். எலுமிச்சை போட்டுக்கொள்பவர் பால் சேர்க்கக்கூடாது, திரிந்துவிடும். ஆறின பாலை டீயில் ஊற்றுவதை எந்த அம்மாவும் ஏற்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சின்னக் குவளையில் சூடான பாலே வந்தது.

மேசைக்கு வருமுன்

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் ஏறிவந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். வந்து இறங்கியதும் கேக்கைக் கண்ணில் காட்டினால் குமட்டும். அரை மணி நேரம் தோட்டத்தில் நடக்கவிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்த பிறகே உள்ளே அழைத்தோம். கோடை விழா நடக்கும் மே மாதத்தை ஒதுக்கிவிட்டு ஜூனைத் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பாதையை எண்ணித்தான். மே மாத வார இறுதியில் வளைவுகளில் வண்டிகள் நிற்கும் நேரம் விருந்தையே விழுங்கிவிடும்.

அம்மா–மகள் இருவருக்கும் சேர்த்து 900 ரூபாய் வாங்கினோம். வேன் செலவு தனி. தோட்டத்து இல்லத்தில் கப்பும் தட்டும் இருந்தன. மூன்று அடுக்குத் தாங்கிகளை மட்டும் வாடகைக்கு எடுத்தோம்.

நாப்கின் விஷயத்தில் அம்மாபேட்டைக்காரர் ஒருவர் உதவினார். பட்டுப் பாவாடையோ வழுவழுப்பான சுரிதாரோ போட்ட மடியில் பாலியஸ்டர் நாப்கின் ஒரு நிமிடம்கூட நிற்காது. குனிந்து குனிந்து எடுப்பதிலேயே பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிடும். அவர் வீட்டில் தறி உண்டு. காட்டன் துண்டுத் துணியைச் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக் கொண்டுவந்தார். அது மடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாதியாக மடித்து, மடிப்பு வயிற்றுப் பக்கம் வரும்படி மடியில் விரிப்பது, நடுவில் எழுந்தால் நாற்காலியில் வைப்பது, முடிந்ததும் தட்டின் இடப்புறம் தளர்வாக வைப்பது. இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

உட்காரும் வரிசையில்தான் அதிகம் யோசித்தோம். எந்த மகளும் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் வேறு வீட்டு அம்மாக்கள். அவளுடைய அம்மா எதிர்வரிசையில், கொஞ்சம் தள்ளி, கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருப்பார், கை எட்டாது. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் யாரும் "ஒழுங்கா உட்காரு" என்று அதட்டமாட்டார்கள். "கண்ணு, இதை இப்படிப் பிடிச்சுப் பாரேன்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் குரலில் கேட்டால் பிள்ளை கற்றுக்கொள்கிறது. தன் மகளிடம் வராத அந்தக் குரல் தனக்கும் இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரிகிறது.

மேசையில் நடந்தவை

தொடங்குமுன் 5 நிமிடம் புகைப்படத்துக்கு. பிறகு எல்லாருடைய செல்போனும் மூங்கில் கூடையில். கூடையிலிருந்து அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அடித்தவை பெரும்பாலும் அம்மாக்களின் போன்கள். வீட்டில் பூஜை அறைச் சாவி எங்கே, மாவு எங்கே என்று கேட்டு வந்தவை. மகள்கள் அதைக் கவனித்தார்கள் என்பது பின்னால் பேசும்போது தெரிந்தது.

முதலில் கப். கப்பின் காதை, அதாவது கைப்பிடியை, சுண்டு விரலை நீட்டிக்கொண்டு பிடிப்பதுதான் நாகரிகம் என்று பல பெண்கள் எண்ணியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காதைப் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க, மற்ற இரண்டும் தாமாக மடங்கியிருந்தால் போதும். கலக்கும்போது கரண்டியை வட்டமாகச் சுழற்றாமல் கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் இடையில் போய்வருவது போல முன்னும் பின்னும் அசைத்தால் கப்பில் இடிக்காது. கலக்கிய கரண்டி கப்புக்குப் பின்னால் சாசரில் இருக்க வேண்டும். கரண்டியைக் கப்பிலேயே விட்டுக் குடித்தால் கண்ணில் இடிக்கும். 18 கப்பில் ஒரே நேரத்தில் கரண்டி அசைந்தும் சத்தம் எழாமல் போன ஒரு கணம் வந்தது. எல்லாருமே அதைக் கவனித்துச் சிரித்தார்கள்.

மூன்று அடுக்குத் தட்டில் கீழிருந்து மேலே போக வேண்டும். கீழே வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற சின்ன வட்ட ரொட்டி, மேலே இனிப்பு. ஸ்கோனைக் கத்தியால் இரண்டாக வெட்டி மூடிக் கடிக்கக்கூடாது. கையால் பிட்டு, அந்த ஒரு வாய்க்கு மட்டும் ஜாம் தடவிச் சாப்பிட வேண்டும். தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டுச் சாப்பிடும் கைக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. ஏற்காட்டு ஆரஞ்சில் செய்த மார்மலேட்தான் அன்றைக்கு ஜாம்.

அந்த மார்மலேட் கிண்ணத்தில் நல்ல பாடம் ஒன்று கிடைத்தது. கிண்ணத்துக்கென்று ஒரு கரண்டி இருக்கும். அதால் எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, தன் கத்தியால் அங்கிருந்து எடுத்துத் தடவ வேண்டும். தன் கத்தி கிண்ணத்துக்குள் போகக்கூடாது. ஏன் என்று கேட்டேன். 10 வயதுப் பெண் ஒருத்தி, இதிலென்ன கேள்வி என்பது போல, "எச்சில் ஆயிரும்ல?" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவே இல்லை. ஈரக் கரண்டியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் விடாதது, கடித்த சாண்ட்விச்சைச் சட்னியில் மறுபடி தொடாதது, பொதுத் தட்டிலிருந்து ஒன்றைத் தொட்டுவிட்டு வேறொன்றை எடுக்காதது எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின் கீழ் தாமாக வந்து உட்கார்ந்தன. மேற்கத்திய நாகரிக வகுப்புகளில் தனித்தனி விதியாக மனப்பாடம் செய்யவைப்பதை நம் வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலேயே பாட்டியிடம் கற்றுவிடுகிறது. அதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று எண்ணி ஒளித்துவைத்திருக்கிறாள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

சாப்பிட்டு முடிந்தது என்று கத்தியையும் முள்கரண்டியையும் வைத்துக் காட்டும் அடையாளமும் அப்படியே. நடுவில் நிறுத்தினால் இரண்டையும் தட்டில் கூரை போல விரித்துவைக்க வேண்டும். முடித்துவிட்டால் பக்கம் பக்கமாகச் சேர்த்துவைக்க வேண்டும். "இலையை மடிக்கிற மாதிரியா ஆன்ட்டி?" என்று கன்னங்குறிச்சிப் பெண் கேட்டாள். ஆமாம், அதேதான்.

தட்டுவடை செட்டை மெனுவில் வைத்தது என் பிடிவாதம். சேலத்துப் பிள்ளைகள் நடத்தும் விருந்தில் அது இல்லாமல் எப்படி? ஆனால் நாசூக்காகச் சாப்பிடுவதற்கு அதைப் போலச் சிரமமான பண்டம் கிடையாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. பாதியைக் கடித்தால் மீதி உடைந்து மடியில் விழும், பீட்ரூட் சாயம் துணியில் ஏறும். கடைக்காரர்கள் ஒரே வாயில் போடச் சொல்வது சும்மா இல்லை. தோட்டத்துச் சமையல்காரரிடம் சொல்லி ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் தட்டுவடை போடவைத்தோம். துருவலைப் பிழிந்து, சட்னியைக் கெட்டியாக்கி, பரிமாறும் நேரத்தில்தான் அடுக்கினோம். முன்னதாக அடுக்கினால் ஏற்காட்டு ஈரக்காற்றில் நமத்துவிடும். வாயை மூடி, சத்தமில்லாமல், ஒரே வாயில் சாப்பிட முடிந்தது. விருந்தாளி அசடு வழியாமல் சாப்பிடும்படி பண்டத்தைச் செய்துவைப்பது விருந்து வைப்பவரின் பொறுப்பு. அம்மாக்கள் இதைத்தான் அதிகம் குறித்துக்கொண்டார்கள். மாம்பழத்தையும் அப்படியே துண்டுபோட்டுச் சின்ன முள்கரண்டியோடு வைத்தோம். கொட்டையைச் சப்பும் சுகம் வீட்டுக்கென்று இருக்கட்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து வந்த 12 வயதுப் பெண்ணுக்கு இடதுகைப் பழக்கம். சாப்பாட்டுக்கு வலதுகைதான் என்று வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். மேசையிலும் அவள் இடதுகை எழும்போதெல்லாம் எதிரிலிருந்த அம்மாவின் பார்வை அதன் மேல் விழுந்தது. கை இறங்கிவிடும். முள்கரண்டி இடதுகையில், கத்தி வலதுகையில் என்று சொன்னபோது அந்த மேசையில் மற்ற எல்லாரும் தடுமாறினார்கள், அவள் தடுமாறவில்லை. பழத்துண்டு முள்ளில் நேராகக் குத்தி நேராக வாய்க்குப் போனது. பக்கத்திலிருந்த வேறு வீட்டு அம்மா, "எனக்கும் காட்டு பாப்பா" என்று கேட்டார். அவள் அவருடைய விரலைப் பிடித்து முள்கரண்டியின் முதுகில் வைத்துக் காட்டினாள். எதிரிலிருந்த அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் பார்வையால் அடக்கவில்லை.

அம்மாயி தன் டீயைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்தார். பேத்தி மேசைக்கு மறுபக்கத்திலிருந்து, "அம்மாயி, கப்புல குடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மேசை அமைதியாகிவிட்டது. பெரியவரின் முகம் சுருங்கியது. நான் அப்போது சொன்னது ஒன்றுதான்: அந்தக் காலத்து இங்கிலாந்திலும் சாசரில் ஆற்றிக் குடித்திருக்கிறார்கள், சூடு ஆற அது சுலபமான வழி. பேத்தியிடம் மேசையில் எதுவும் பேசவில்லை. விருந்து முடிந்து தோட்டத்தில் நிற்கும்போது, நான்கு பேர் நடுவில் ஒருவரைத் திருத்துவது சாசரில் குடிப்பதைவிடப் பெரிய குறை என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். அழுதாள். அவளுக்குப் பாட்டியைக் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயம். பெங்களூர் ஓட்டலில் எழுந்துபோன பெண்ணுக்கு இருந்த அதே பயம். வயதானவர்கள் இருக்கும் மேசையில் கப்பை முக்கால் அளவு மட்டும் ஊற்றிக் கூடுதலாகப் பால் வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே வராது.

பேச்சுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். பக்கத்திலிருப்பவருக்கு நன்றாகத் தெரிந்த கைவேலை ஒன்றைக் கேட்டறிந்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வாயில் உணவோடு பேசாமல், ஒருவர் முடித்த பின் மற்றவர் பேசி. ஒரு பெண் எழுந்து, தன் பக்கத்து ஆன்ட்டி சிவதாபுரத்தில் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்தவர், குலுக்கினாலே எந்தச் சலங்கை சரியாகப் பற்றவில்லை என்று சத்தத்தில் சொல்லிவிடுவார் என்றாள். அந்த ஆன்ட்டியின் சொந்த மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். 14 வயதுவரை இது அவளுக்குத் தெரியாது. "ஏம்மா சொல்லவே இல்ல?" என்று கேட்டாள். "நீ எப்ப கேட்ட?" என்றார் அம்மா.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரி, அதாவது விருந்து வைப்பவள், உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது என்பது விதி. சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மகளை வீட்டுக்காரியாக வைத்தோம். கெட்டிலை எடுத்து ஊற்றுவது, "பால் வேணுங்களா, எவ்வளவு சர்க்கரைங்க?" என்று கேட்பது, தட்டுகளை நகர்த்துவது எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டாம் சுற்றில் பால் குவளை காலியானது. வீட்டுக்காரியாக இருந்த பெண் அதைக் கவனிக்கும் முன்பே நான்கு அம்மாக்கள் ஒரே சமயத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, தாமாகவே. "உட்காருங்க, அவ பார்த்துக்குவா" என்று சொன்னதும் உட்கார்ந்தார்கள். ஆனால் முதுகு நாற்காலியில் படவில்லை. கண் சமையலறை வாசலிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்துபோய்க் காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். கூப்பிட்டு மறுபடி உட்காரவைத்தோம்.

ஒன்பது பேரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சூடு ஆறுமுன் தன் டீயைக் குடித்து முடித்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுடைய கப்பில் ஆடை படிந்திருந்தது. வீட்டுக்காரியாக இருந்த பெண்கள்தான் அதைப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் பார்வையில்தான் யார் சாப்பிடவில்லை என்பது படும். ஆறிய கப்பை எடுத்துவிட்டுச் சூடாக ஊற்றிக் கொடுத்த ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க குடிச்ச பிறகுதான் நாங்க அடுத்தது எடுப்போம்" என்றாள். விதிப்படி அவள் சொன்னது சரி. அந்த ஆன்ட்டி குடித்தார்.

என் கணிப்பு

நம் வீடுகளில் பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுகிறார். அவர் உட்காரும்போது மேசையில் யாரும் இருப்பதில்லை. இது மகளின் கண்ணில் நாகரிகக் குறையாகப் படுவதே கிடையாது, அது இயல்பு என்றே வளர்கிறாள். எல்லாரும் உட்கார்ந்த பின் தொடங்க வேண்டும் என்ற தேநீர் மேசை விதியை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனால் அது முதலில் மோதும் இடம் அம்மாவின் காலி நாற்காலி. கத்தி, முள்கரண்டியை எந்த ஓட்டல்காரரும் சொல்லித் தந்துவிடுவார். இதை அம்மாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் கற்க முடியும். தாய்–மகள் விருந்து என்ற ஏற்பாட்டுக்கு நியாயமே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து எல்லா அம்மாக்களிடமும் பேசினேன். முள்கரண்டி எந்த வீட்டிலும் தங்கவில்லை. அதற்கு அங்கே வேலையும் இல்லை. சத்தமில்லாமல் கலக்குவது தங்கியிருக்கிறது, விளையாட்டாக. காத்திருப்பதும் பெரும்பாலான வீடுகளில் தங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் மகள், அம்மா வந்து உட்காரும் வரை சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிக்க, இட்லியைச் சுடச்சுட ஊற்றித் தரும் பழக்கத்தையே மாற்றி மொத்தமாக ஊற்றி ஹாட்பாக்ஸில் வைத்து எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்களாம். "இட்லி கொஞ்சம் ஆறித்தான் போகுது, ஆனா நானும் ஒக்காந்து திங்கறேனுங்க" என்றார் அந்த அம்மா. இன்னொரு வீட்டில் இது பலிக்கவில்லை. அப்பா பசி பொறுக்கமாட்டார், தோசைக்கல்லை விட்டு அம்மா நகர முடியவில்லை. மகள் ஒருத்தி மட்டும் காத்திருக்கிறாள். அஸ்தம்பட்டிப் பெண்ணின் இடதுகை பற்றி நான் கேட்கவில்லை, அவளுடைய அம்மாவே சொன்னார்: கரண்டியால் சாப்பிடும் எதையும் இனி அவள் இஷ்டப்படி சாப்பிடலாம், சோறு மட்டும் வலதுகையில். அந்த வீட்டுக்கு அது பெரிய தூரம்.

குழுவில் ஓர் அம்மா, "எனக்குப் பையனும் இருக்கான், அவனை ஏன் கூப்பிடலைங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் ரொம்ப முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். மேசை நாகரிகத்தைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தந்தால் அது அடக்க ஒடுக்கப் பாடமாகத் திரிந்துவிடும். பரிமாறுவதும் கவனிப்பதும் மறுபடி அவள் தலையிலேயே விழும். அம்மா உட்காரவில்லை என்பதை மகன் கவனிக்காத வீட்டில் மகள் எத்தனை நாள் தனியாகக் காத்திருப்பாள்?

ஆகவே அடுத்தது அம்மா–மகன் விருந்து. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எல்லா வீட்டிலும் உறவினர் வருவார்கள் என்பதால் ஆவணியில் வைக்கிறோம். இந்த முறை மலையேறவில்லை, சேலத்திலேயே குடியிருப்பின் பொதுக்கூடத்தில். டீயோடு ஃபில்டர் காபியும் உண்டு, தட்டுவடை செட் நிச்சயம் உண்டு. பையன்கள் முந்தின நாள் வந்து கெட்டில் பிடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். சமையலறைக் கதவு அம்மாக்களின் கண்ணில் படாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போடப்போகிறோம்.